அண்ணன் அனுப்பாமல் வைத்த வேலை

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் தட்டி அனுப்பினாலும் இதைக் கடிதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் நடுவில் ஒரு கேள்வி கேட்டால் நான் உளறிவிடுவேன். எழுத்தில் உளறினால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

அம்மா நலம். காது மட்டும் முன்பைவிட மந்தம். அதுவும் எப்படிப்பட்ட மந்தம் தெரியுமா? அடுத்த வீட்டில் யார் யாரைத் திட்டினார்கள் என்பது துல்லியமாகக் கேட்கிறது, மாத்திரை போட்டாச்சா என்று நான் கேட்டால் மட்டும் கேட்பதில்லை. குட்டி விட்டுப்போன பச்சை செருப்பை வாசல் அலமாரியில் இருந்து எடுக்கவிட மாட்டேன் என்கிறார்கள். அது இப்போது அவள் காலுக்குப் பத்தாது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இதுவரை அண்ணன் பார்த்துவந்த வகுப்பு, நான் அதை முதலிலிருந்தே மறுபடி தொடங்கியிருக்கிறேன். இரண்டாம் மாடியில், ஜெனரேட்டர் சத்தம் கேட்கிற அந்த மூலை அறை. அங்குள்ள வெள்ளைப் பலகையில் அண்ணன் ஒருமுறை அழியாத பேனாவால் படம் போட்டுவிட்டார். அதன் மேலேயேதான் நானும் என் படத்தைப் போடுகிறேன். யாருடைய கோடு எது என்று பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

பிள்ளைகள் என்று சும்மா சொல்கிறேன். அதில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். எல்லோரும் அவரை வாத்தியார் என்றே கூப்பிடுகிறோம். இன்னொருத்தி, எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பவள். அவளுக்கு 'ஏன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் கோபிப்பதில்லை, ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்கிறாள்.

நான் சொல்லிக்கொடுப்பது என்னவென்று உங்களுக்குத் தெரிந்தால்தான் நான் கேட்கப்போவதும் புரியும். அண்ணன் வீட்டில் இதைப் பற்றிப் பேசினாலே நீங்கள் அடுக்களைக்குப் போய்விடுவீர்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புரோகிராமைப் பல பேர் சேர்ந்து எழுதுகிறோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடக் கூடாது. நேற்று எப்படி இருந்தது என்று இன்று பார்க்க வேண்டும் என்றால் பார்க்க முடிய வேண்டும். அதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது, பெயர் கிட். அண்ணன் முதல் நாள் வகுப்பில் சொல்கிற ஜோக் இது: பேர்தான் கிட், இதில் யாரும் யாருக்கும் கிட்ட இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் அந்தப் புரோகிராம் முழுசாக இருக்கும். இன்றைக்கு உள்ளது மட்டுமில்லை, பிறந்த நாள் முதல் அதில் யார் எந்த வரியை மாற்றினார்கள் என்ற சரித்திரம் முழுவதும். நாம் ஒரு மாற்றம் செய்து, சரி, இதை வைத்துக்கொள் என்றால், நம் பெயர், தேதி, எதற்காகச் செய்தோம் என்ற ஒரு வரி, எல்லாவற்றோடும் பத்திரமாகிவிடும். அதைத்தான் கமிட் என்கிறோம். இன்டர்நெட் கூட வேண்டாம். காட்டில் உட்கார்ந்தும் செய்யலாம். பிறகு எப்போது வசதியோ அப்போது மற்றவர்களுக்கு அனுப்பலாம்.

வாத்தியாருக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. அப்படியானால் அசல் எது, நகல் எது என்று கேட்டார். எல்லாமே அசல்தான், பேச்சு வசதிக்கு ஆபீஸ் சர்வரில் இருப்பதை நடுவில் வைத்துக்கொள்கிறோம் என்றேன். அசல் என்று ஒன்று இல்லாமல் எப்படிக் குடித்தனம் நடக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

'ஏன்' உடனே பிடித்துக்கொண்டாள். எல்லோரிடமும் எல்லாம் இருக்கிறதென்றால் இதில் எதுவுமே தொலையாதா, ஏன் என்றாள். தொலையும் என்று சொன்னேன். நீ உன் கம்ப்யூட்டரில் கமிட் செய்து வைத்துக்கொண்டு யாருக்கும் அனுப்பாமல் விட்டது தொலையும். அது உன்னிடம் மட்டுமே இருக்கிறது. சொல்லி முடித்ததும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போனேன்.

விஷயத்துக்கு வருகிறேன் அண்ணி. நீங்கள் கிளம்பிய அன்று குட்டியின் பழைய லேப்டாப் திறக்கவில்லை என்று அவள் அழுததும், அண்ணன் தன்னுடையதை அவள் பையில் வைத்து மூடியதும் நினைவிருக்கும். அந்த லேப்டாப்பில்தான் அண்ணன் நீங்கள் கிளம்புவதற்கு முந்தைய சில மாதங்கள் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலை இருக்கிறது. எதையும் ஆபீசுக்கு அனுப்பவில்லை. வேகாததைப் பரிமாறக் கூடாது என்பார். ஆனால் வகுப்பில் மட்டும், அரைகுறையானாலும் சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடு, உன் கம்ப்யூட்டரை நம்பாதே என்று படித்துப் படித்துச் சொல்வார். ஊருக்குத்தான் உபதேசம்.

இப்போது ஆபீசில், அந்த மாதங்களில் இவர் பெயரில் ஒரு கமிட் கூட இல்லையே, என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கிறார்கள். அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா என்ற பேச்சு நடக்கிறது. அதனால் தயவுசெய்து அதில் எதையும் அழித்துவிடாதீர்கள். ரிப்பேருக்கும் கொடுக்காதீர்கள். இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அண்ணனுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை என்று போன தடவை சொன்னேன் அல்லவா, அது அப்படியேதான் இருக்கிறது. என் மருமகளுக்கு அத்தையின் முத்தங்கள்.

பணிவுடன்,
உங்கள் நாத்தனார்

*

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பதில் வந்தது. லேப்டாப் பத்திரமாக இருக்கிறது, குட்டி அதில் வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்று படித்ததும் பாதி உயிர் வந்தது. அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை.

"இதைக் கேக்க உங்க அண்ணனுக்கு வாய் இல்லையா? எதுக்கு உன்னைத் தூது விடறாரு?"

நீங்கள் கோபத்தில் கேட்டது. உங்கள் இடத்தில் நானாக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். எத்தனை தடவை நீங்கள் போன் செய்தும் எடுக்கவில்லை, குட்டி பிறந்தநாளுக்குக்கூட ஒரு வார்த்தை பேசவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எல்லாம் உண்மை. வாய் இருக்கிறது அண்ணி. பேச்சுதான் இல்லை.

நீங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்த அடுத்த வாரம் நடந்தது. அன்று அண்ணனுக்கு வகுப்பு. இரண்டு பேர் ஒரே வரியை ஆளுக்கொரு விதமாக மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கம்ப்யூட்டர் அங்கே கையை விரித்துவிடும், எதை வைத்துக்கொள்வது என்று மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொன்னவர், அப்போ முதலில் என்ன செய்யணும் என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றிருக்கிறார். கையில் பேனா. பலகையைப் பார்த்தபடி. அண்ணன் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் நிற்பது வழக்கம்தானே? அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆளாளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். தப்பான பதில் போலிருக்கிறது, அதுதான் சார் திரும்பவில்லை என்று சிரித்துக்கொண்டு வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். பேனா கீழே விழுந்த பிறகுதான் 'ஏன்' எழுந்து ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறாள்.

அவள் இப்போதும் என்னிடம் வந்து அதையே சொல்கிறாள். "நாங்க சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம் அக்கா." உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கள் என்ன டாக்டரா என்று நானும் அதையே திருப்பிச் சொல்கிறேன். இருவருக்கும் ஆறவில்லை.

மூளையில் இடப்பக்கம் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலக்கை தூக்க வரவில்லை. கால் பரவாயில்லை, சுவரைப் பிடித்து நடக்கிறார். பேச்சு போய்விட்டது. நாம் பேசுவது மெதுவாகச் சொன்னால் புரிகிறது. கேள்வி கேட்டால் தலையை ஆட்டுகிறார். சில நேரம் ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் மாற்றி ஆட்டிவிட்டு, தானே கோபித்துக்கொள்கிறார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நான் உங்களுக்குப் போன் செய்யப் போனேன். இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மாற்றி ஆட்டுகிறாரோ என்று மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். வேண்டாம்தான். சண்டை போட்டுவிட்டுப் போனவள் பரிதாபப்பட்டுத் திரும்பி வரக் கூடாது என்று நினைக்கிறான் என்றார்கள் அம்மா. அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நோயாளி கேட்டதைச் செய்தோம். அது சரிதானா என்று யோசிக்காத நாளில்லை. உடம்பு கொஞ்சம் சரியில்லை என்று நான் சொன்னபோதெல்லாம் அந்த 'கொஞ்சம்' என் நாக்கைச் சுட்டது.

இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கோபிக்கட்டும். கோபிக்கிற அளவுக்குத் தெம்பு வந்தால் சந்தோஷம்.

ஆபீசில் நான் கேட்பது என்னவென்றால், பேச்சு வராவிட்டாலும் புதியவர்கள் செய்யும் பயிற்சிகளைத் திருத்துகிற ஒரு சின்ன வேலை கொடுங்கள் என்பதுதான். மேலாளர் மனம் வைத்தாலும், நோய்க்கு முன்னாலேயே இவர் சும்மாதானே இருந்திருக்கிறார் என்று மனிதவள அதிகாரி காகிதத்தைக் காட்டுகிறார். அண்ணன் அந்த மாதங்களில் எப்படி வேலை செய்தார் என்பதற்கு ஆபீசில் சாட்சி யாருமில்லை. நீங்கள் ஒருவர்தான். அந்த வேலையாலேயே சண்டை வந்த வீட்டில் நீங்கள்தான் சாட்சி என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

லேப்டாப்பை அனுப்ப வேண்டாம். குட்டிக்கு வேண்டும். நீங்களே அங்கிருந்து அனுப்பிவிடலாம். பயப்படாதீர்கள், பரிசோதனைக்கூடத்தில் நீங்கள் கையாளுகிற கருவிகளோடு ஒப்பிட்டால் இது பிள்ளை விளையாட்டு. நான் தனியாக அனுப்பியிருக்கிற கட்டளைகளை அப்படியே ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். முதல் கட்டளை, என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்பது. அதைக் கேட்காமல் எதையும் செய்யாதே என்றுதான் முதல் நாள் வகுப்பில் சொல்கிறோம். பாதியில் நிற்கிற மாற்றம் ஏதாவது இருந்தால் சிவப்பில் காட்டும். இருந்தால் இரண்டாவது கட்டளையால் அதையும் கமிட் செய்யுங்கள், அண்ணன் எழுதியது ஒன்றும் விட்டுப்போக வேண்டாம். மூன்றாவது, அனுப்புவது. அண்ணன் தனக்கென்று ஒரு கிளை பிரித்து வைத்து வேலை செய்திருப்பார், அது அப்படியே அவர் பெயரில் வந்து சேரும். இங்கே யாருடையதும் கெடாது. சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி அந்த லேப்டாப்புக்கு வழி திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏதாவது ஆங்கிலத்தில் கத்தினால் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அது எல்லோரிடமும் அப்படித்தான் கத்தும்.

இரண்டு பேர் ஒரே வரியில் மோதிக்கொண்டால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அண்ணன் எதிர்பார்க்கிற பதில், கம்ப்யூட்டரைத் தொடாமல் எழுந்து அடுத்தவர் இருக்கைக்குப் போய், நீ எதற்காக இப்படி மாற்றினாய் என்று கேட்க வேண்டும் என்பது. ஒவ்வொரு வகுப்பிலும் ஆட்களை எழுப்பி நடக்கவைத்துத்தான் சொல்லிக்கொடுப்பார். அங்கே வேலை கிடைத்து, எல்லோரும் போகலாம் என்று நீங்கள் சொன்னபோது, இந்த ஒரு வேலை முடியட்டும் என்று நாற்காலியை விட்டு எழாமல் சொன்னாரே, அப்போது நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். குறை சொல்லவில்லை அண்ணி. யாரையும் குறை சொல்லும் இடத்தில் நான் இல்லை.

குட்டியிடம் எவ்வளவு சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மன்னிப்பை எதிர்பார்த்து,
உங்கள் நாத்தனார்

*

அன்புள்ள அண்ணிக்கு,

வந்து சேர்ந்துவிட்டது. முழுவதும் வந்துவிட்டது. நீங்கள் அன்று போனில் அடுத்து என்ன, அடுத்து என்ன என்று மட்டும் கேட்டுக்கொண்டு கட்டளைகளை அடித்தீர்கள். ஒரு தடவை கூடத் தப்பு வரவில்லை. என் வகுப்பில் நீங்கள் இருந்திருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். வைக்கும்போது நீங்கள் அழுதது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி வைத்துவிட்டேன்.

திரையில் அண்ணன் பெயர் வரிசையாக, தேதி தேதியாக இறங்கி வந்ததை மேலாளர் நின்றுகொண்டே பார்த்தார். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்குக்காக நாங்கள் எழுதிக்கொடுத்த புரோகிராமில் ஒரு கோளாறு இருந்தது. இரண்டு வார்டில் ஒரே நேரத்தில் ஒரே மருந்தை எடுத்தால் ஒன்று கணக்கிலேயே வராது. யாராலும் பிடிக்க முடியாமல் கிடப்பில் போட்ட விஷயம். அண்ணன் அதைப் பிடித்திருக்கிறார். மனிதவள அதிகாரியும் வந்து பார்த்தார். நான் சொன்னது தப்பு, வருத்தப்படுகிறேன் என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். எனக்கு மனசு இறங்கிவிட்டது, அதுவரை அந்த அம்மாளை நான் வீட்டில் எப்படியெல்லாம் திட்டியிருந்தேன்.

ஒவ்வொரு கமிட்டுக்கும் எதற்காக என்று ஒழுங்காக ஒரு வரி எழுத வேண்டும், பின்னால் படிப்பவன் உங்களைச் சபிக்கக் கூடாது என்று அண்ணன் புதியவர்களை விரட்டுவார். அவர் எழுதிவைத்திருக்கிற லட்சணத்தைப் பாருங்கள்: 'திருத்தம்', 'மறுபடியும் திருத்தம்', 'இது கடைசி', 'இல்லை, இதுதான் கடைசி', 'சத்தியமாகக் கடைசி'. வாத்தியார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சத்தியமாகக் கடைசி என்று எழுதிய தேதி, நீங்கள் கிளம்பியதற்கு முந்தைய நாள். நான் அதைச் சோதித்துப் பார்த்தேன். வேலை முடிந்திருக்கிறது அண்ணி. குறை ஒன்றும் இல்லை. முடித்துவிட்டுத்தான் லேப்டாப்பைக் குட்டி பையில் வைத்திருக்கிறார். முடிந்தது என்று ஆபீசுக்கும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லவில்லை. இன்னும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இருந்திருப்பார். அல்லது, நீங்கள் பெட்டி கட்டி முடித்த பிறகு சொல்ல வாய் வரவில்லையோ. இதை உங்களுக்கு எழுதலாமா கூடாதா என்று நிறைய யோசித்தேன். மறைத்து மறைத்துப் போதும் என்று ஆகிவிட்டது, அதனால் எழுதிவிட்டேன்.

ஒரு வேடிக்கையும் நடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, நீங்கள் அனுப்பிய அன்றைய தேதியில், இரண்டாவது கட்டளையால் நீங்கள் செய்தது, அண்ணன் பெயரிலேயே ஒரு கமிட் இருந்தது. அதைச் சேர்த்ததும் எங்கள் புரோகிராம் மொத்தமும் படுத்துவிட்டது. புதியவர்கள் எல்லோரும் காலையெல்லாம் தேடினார்கள். 'ஏன்'தான் கண்டுபிடித்தாள். மருந்து இருப்பைக் கழிக்கிற இடத்தின் நட்டநடுவில் 'ழழழழழழழழ' என்று ஒரு வரி நிறைய. அண்ணனின் லேப்டாப்பில் யார் எதைத் தட்டினாலும் அவர் பெயரில்தான் பதிவாகும். என் மருமகள் அந்தக் கோப்பை எப்போது திறந்தாளோ, ழகரத்தை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாளோ. அவளைத் திட்டாதீர்கள். எடுத்துவிட்டோம், எல்லாம் ஓடுகிறது. ஆனால் எடுத்தாலும், அப்படி ஒன்று இருந்தது என்பது சரித்திரத்தில் இருக்கும். எங்கள் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் இருக்கிறது.

அண்ணனுக்கு அந்தச் சின்ன வேலை தருவதாக மேலாளர் சொன்னார். சந்தோஷமாக அவரை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது. திரையில் அவர் எழுதியதைத் திறந்து வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். இடக்கை விரலால் ஒரு வரியைத் தொட்டார், அடுத்த வரியைத் தொட்டார், பிறகு என்னைப் பார்த்தார். எழுத்துகள் தெரிகின்றன, படிக்க வரவில்லை. வீட்டில் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, படிக்கிறார் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், இதுவும் அதோடு சேர்ந்ததுதான், மெதுவாக வரலாம், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என்கிறார். வேலையை அவருக்காக வைத்திருப்பதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். எவ்வளவு நாள் வைத்திருப்பார், பாவம், அவரும்தான் என்ன செய்வார்.

எனக்கு அப்போது அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, குட்டி பண்ணின காரியத்தைப் பாருங்கள் என்று அந்த ழகர வரியைத் திறந்து காட்டினேன். இது உங்க பொண்ணு எழுதினது என்றேன். ஒரே எழுத்து வரிசையாக நிற்பதைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை அல்லவா? முதலில் உதடு கோணியது. பிறகு தோள் குலுங்கியது. சத்தம் வராத சிரிப்பு. நோய் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வண்டியில் திரும்பி வரும்போதும் நினைத்து நினைத்துச் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்போதும் தோள் குலுங்கியது, அது சிரிப்பு இல்லை.

உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று அன்று சாயங்காலம் சொல்லிவிட்டேன். மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. தலையையும் ஆட்டவில்லை. கேட்டுக்கொண்டு இருந்தார்.

நான் வந்து நிற்க எனக்கு என்ன முகம் இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நோய் வருவதற்கு முன்னால் போனீர்கள், தெரிந்தே விட்டுப் போகவில்லை. அங்கே வேலை, குட்டிக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் எனக்குப் புரிகிறது. நான் எதையும் கேட்கவில்லை. எங்கள் யாருக்கும் கேட்கும் உரிமையும் இல்லை.

சொல்ல வேறு ஒன்றும் இல்லை. வாசல் கதவின் பூட்டு இறுகிப்போய்விட்டது, சாவி திரும்ப மறுக்கிறது. பூட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள், புதுச் சாவி தருகிறேன் என்றார். மாற்றினால் உங்களிடம் இருக்கும் சாவி சேராது என்று, எதுவும் காதில் விழாத மாதிரி அம்மா எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்கள். அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து, கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பூட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

பூட்டை மாற்றவில்லை அண்ணி. எண்ணெய் மட்டும் விட்டிருக்கிறோம். குட்டி நீண்ட ஆயுளோடு, நன்றாகப் படித்து, அவள் அப்பாவைப் போல இல்லாமல் நினைத்ததை நினைத்தபோதே வாய்விட்டுச் சொல்கிற பெண்ணாக வளரட்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் நாத்தனார்